சிறைக்கூடத்தில் கோடோ

ஒரு நாடகத்தை விளங்கிக்கொள்ள ஏட்டுப் படிப்பு வேண்டுமா, வாழ்க்கையில் பெற்ற பட்டறிவு போதுமா என்னும் வினா மேல்நாட்டு நாடக உலகில் அடிக்கடி எழுவதுண்டு. அறிஞர்கள் இதற்கு நூல்களில் எழுதியுள்ள விடைகள் பல. அவற்றையெல்லாம்விடத் தெளிவான விடை 1957ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 19ஆம் நாள் கிடைத்தது. கிடைத்த இடம் ஒரு பல்கலைக்கழகமும் அன்று, பெருநகரத்து நாடக மன்றமும் அன்று. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள சான் குவென்டின் சிறைச்சாலையின் உணவுக்கூடம்.

அன்று நாடகம் காணக் குழுமியிருந்தவர்கள் 1,400 கைதிகள். நடிக்க வந்தவர்கள் அருகிலிருந்த சான் பிரான்சிஸ்கோ நகரத்துச் சிறு நாடகக் குழு ஒன்றைச் சேர்ந்தவர்கள். நடிக்கப்பட்ட நாடகமோ, பாரிசிலும் லண்டனிலும் நியூயார்க்கிலும் கற்றறிந்தவர்களையே தலையைச் சொறிய வைத்த ஒன்று. சாமுவேல் பெக்கெட் என்னும் அயர்லாந்து நாட்டவர் முதலில் பிரெஞ்சு மொழியிலும் பின்னர் ஆங்கிலத்திலும் எழுதிய அந்த நாடகத்தின் பெயரைத் தமிழில் 'கோடோவுக்காகக் காத்திருத்தல்' எனலாம்.

நாடகத்தின் கதை

கதை என்று சொல்ல இந்நாடகத்தில் அதிகம் இல்லை; அதுவே அதன்மேல் சாட்டப்பட்ட முதற் குற்றமுமாகும். நாட்டுப்புறத்துச் சாலை ஒன்று, இலையுதிர்ந்த மரம் ஒன்று, மாலை நேரம். விளாடிமிர், எஸ்ட்ராகன் என்னும் இரு நாடோடிகள் கோடோ என்பவருக்காகக் காத்திருக்கின்றனர். கோடோ யார், அவரால் தங்களுக்கு ஆகப்போவது என்ன, குறித்த இடம் இதுதானா, குறித்த நாள் இன்றுதானா என்பவற்றில் ஒன்றேனும் அவர்களுக்கு உறுதியாகத் தெரியாது. காலணியைக் கழற்றுகிறார்கள்; தொப்பியை மாற்றி மாற்றி அணிகிறார்கள்; ஒரு கேரட்டைத் தின்கிறார்கள்; சண்டையிட்டுக்கொள்கிறார்கள்; பிறகு கட்டித் தழுவிக்கொள்கிறார்கள். பொழுது போகவேண்டும், அவ்வளவே.

இடையில் போட்சோ என்னும் செல்வச் செருக்குள்ள ஒருவன் வருகிறான். அவன் கையிலுள்ள நீண்ட கயிற்றின் மறுமுனை லக்கி என்னும் அடிமையின் கழுத்தில் கட்டப்பட்டிருக்கிறது. சுமைகளையெல்லாம் சுமப்பவன் லக்கியே. 'சிந்தி' என்று ஆணையிட்டால் அவன் சிந்திக்கவும் வேண்டும். அப்போது அவன் வாயிலிருந்து கொட்டும் முற்றுப்புள்ளியற்ற சொற்பெருக்கு, புத்தி தடுமாறிய ஒரு பேராசிரியரின் சொற்பொழிவைப் போன்றது. இருவரும் போன பிறகு ஒரு சிறுவன் வந்து, கோடோ இன்று வரமாட்டார், நாளைக்குத் தவறாமல் வருவார் என்று செய்தி சொல்லிவிட்டுப் போகிறான். முதல் அங்கம் முடிந்தது.

இரண்டாவது அங்கத்திலும் அதே இடம், அதே நேரம். மரத்தில் மட்டும் சில இலைகள் துளிர்த்திருக்கின்றன. போட்சோ குருடனாகவும் லக்கி ஊமையாகவும் திரும்பி வருகின்றனர். சிறுவனும் மீண்டும் வருகிறான். நேற்று வந்தவன் தான் இல்லை என்கிறான். செய்தி மட்டும் அதே செய்தி. நாடோடிகள் தூக்குப் போட்டுக்கொள்ள எண்ணி, இடுப்பிலிருக்கும் கயிற்றை அவிழ்க்க, காற்சட்டை காலடியில் விழுகிறது. இழுத்துப் பார்த்தால் கயிறும் அறுந்துபோகிறது. போய்விடலாம் என்று இருவரும் முடிவு செய்கிறார்கள். ஆனால், அசையாமல் நிற்கிறார்கள். திரை விழுகிறது.

கோடோ யார் என்று பெக்கெட்டிடம் கேட்காதவர் இல்லை. கடவுளா, சாவா, விடுதலையா என்று ஆளுக்கொரு பொருள் கூறினர். அமெரிக்காவில் இந்நாடகத்தை முதலில் இயக்கிய ஆலன் ஷ்னைடர் நேரிலேயே கேட்டபோது, தமக்குத் தெரிந்திருந்தால் நாடகத்திலேயே சொல்லியிருக்கமாட்டேனா என்னும் கருத்துப்பட விடையளித்து விட்டார் ஆசிரியர். இது தட்டிக்கழிப்பு அன்று. காத்திருக்கப்படுபவரைக் காட்டிலும் காத்திருத்தல் என்னும் செயலே அவர் எடுத்துக்கொண்ட பொருள். அவருக்கே அதில் பயிற்சி உண்டு. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் பாரிசைப் பிடித்திருந்தபோது, பெக்கெட் பிரெஞ்சு மறைமுக எதிர்ப்பு இயக்கத்தில் பணியாற்றினார். 1942இல் அவருடைய குழு காட்டிக் கொடுக்கப்பட்டதும் தப்பியோடி, தென் பிரான்சிலுள்ள ரூசியோன் என்னும் சிற்றூரில் போர் எப்போது முடியும் என்று நாளெண்ணிக்கொண்டு ஒளிந்து வாழ்ந்தார். நாடகத்தை எழுதியது அதற்குச் சில ஆண்டுகளுக்குப் பின்னர், 1948 அக்டோபருக்கும் 1949 ஜனவரிக்கும் இடைப்பட்ட சில மாதங்களில்.

பெருநகரங்கள் தந்த வரவேற்பு

1953 ஜனவரி 5ஆம் நாள் பாரிசில் பாபிலோன் அரங்கு என்னும் மிகச் சிறிய அரங்கில் ரோஜே பிளென் இயக்கத்தில் நாடகம் முதன்முதலாக மேடையேறியது. சிலர் வியந்தனர், சிலர் வெகுண்டனர். 1955 ஆகஸ்டில் லண்டன் ஆர்ட்ஸ் அரங்கில் ஆங்கில வடிவம் நடந்தது. இயக்கியவர் அப்போது 24 வயதே நிரம்பிய பீட்டர் ஹால். முதல் நாள் அவையோர் பலர் இடையிலேயே எழுந்து சென்றனர். ஹெரால்ட் ஹாப்சன், கென்னத் டைனன் ஆகிய இரு விமரிசகர்கள் ஞாயிற்றுக்கிழமை ஏடுகளில் ஆதரித்து எழுதியிராவிட்டால் அந்நாடகம் அங்கேயே மடிந்திருக்கும்.

அமெரிக்காவில் நேர்ந்தது இன்னும் வேடிக்கை. 1956 ஜனவரியில் மயாமி நகரத்தில், குளிர்காலத்தைக் கழிக்க வந்திருந்த செல்வர்கள் நிறைந்த ஓர் அரங்கில் நாடகம் அரங்கேறியது. நகைச்சுவை நடிகர் பெர்ட் லாரின் பெயரைக் காட்டி, இரு கண்டங்களைச் சிரிக்க வைத்த நாடகம் இது என்று விளம்பரமும் செய்துவிட்டார்கள். சிரிக்க வந்தவர்கள் முதல் அங்கம் முடிவதற்குள் கூட்டங்கூட்டமாக வெளியேறினர். பட்டபின் புத்தி பெற்ற தயாரிப்பாளர், சில மாதங்களில் நியூயார்க்கில் அதே நாடகத்தை நடத்தியபோது விளம்பரத்தைத் தலைகீழாக மாற்றினார். தமக்கு 70,000 அறிவாளிகள் தேவை, வெறும் பொழுதுபோக்கை நாடுவோர் சீட்டு வாங்கவேண்டா என்று அறிவித்தார். அறிவாளிகள் அத்துணை பேர் வந்ததாகத் தெரியவில்லை. ஏறத்தாழ 60 காட்சிகளோடு நாடகம் நின்றது.

இரண்டு விளம்பரங்களும் செய்த பிழை ஒன்றே. நாடகம் தொடங்குமுன்பே, இதில் இன்னது கிடைக்கும் என்று அவையோருக்கு வாக்குக் கொடுத்துவிட்டன. முன்னதில் சிரிப்பு, பின்னதில் ஆழ்ந்த தத்துவம். வாக்களித்தது வராதபோது அவையோர் சினங்கொள்வது இயல்புதானே!

குழுவும் சிறையும்

சான் பிரான்சிஸ்கோ நகரத்தின் 'நடிகர் பட்டறை' என்னும் குழு 1952இல் தொடங்கப்பட்டது. தொடங்கியவர்கள் ஹெர்பர்ட் பிளா, ஜூல்ஸ் இர்விங் என்னும் இருவர். இருவரும் அந்நகரத்து அரசுக் கல்லூரி ஆசிரியர்கள். ஒரு ஜூடோ பயிற்சிக் கூடத்தோடு ஒட்டிய மாடியறைதான் அவர்களது முதல் அரங்கு. நியூயார்க்கிலிருந்து 3,000 மைல் தள்ளியிருந்த அவர்களைப் பெரிய பத்திரிகைகள் அப்போது ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அந்தப் புறக்கணிப்பு அவர்களுக்கு ஒருவகையில் நன்மையாயிற்று. வியாபாரிகள் தொட அஞ்சிய நாடகங்களைத் துணிந்து நடத்தினார்கள். கோடோ நாடகத்தை பிளா 1957இன் தொடக்கத்தில் தம் ஊரிலேயே மேடையேற்றினார். அதைத்தான் அதே ஆண்டு நவம்பரில் சிறைக்குக் கொண்டு போனார்.

சான் குவென்டின், சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் வடகரையில் 1852 முதல் இருந்துவரும் சிறைச்சாலை. கலிபோர்னியாவில் மிகப் பழமையானது. அம்மாநிலத்தின் மரண தண்டனைகள் நிறைவேற்றப்பட்ட இடமும் அதுவே. முதலில் தூக்குமரமும் 1938 முதல் நச்சுவாயு அறையும் அங்கே இருந்தன. அந்த மதிலுக்குள் வெளியார் நாடகம் நடந்து 44 ஆண்டுகள் ஆகியிருந்தன. கடைசியாக 1913இல் வந்து நடித்தவர் புகழ்பெற்ற பிரெஞ்சு நடிகை சாரா பெர்னார்ட்.

அத்தகைய இடத்துக்கு ஏன் இந்த நாடகம்? இலக்கியத் தரம் கருதியோ கைதிகளின் மனநிலையை ஆராய்ந்தோ யாரும் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. நாடகத்தில் பெண் பாத்திரம் இல்லை என்பதே பெரிதும் காரணமாயிருந்தது! ஆண்டுக்கணக்கில் அடைபட்டிருக்கும் ஆடவர் 1,400 பேர் முன்னிலையில் ஒரு நடிகையை நிறுத்த யாருக்கும் துணிவில்லை. நாடக வரலாற்றின் பெரிய நிகழ்ச்சிகளுள் ஒன்றுக்கு வித்திட்டது அலுவலக முன்னெச்சரிக்கைதான் என்பது நினைக்கச் சிரிப்பூட்டுகிறது.

அந்த இரவு

நடிகர்கள் அச்சத்தோடுதான் இருந்தனர். மயாமியின் செல்வர்களாவது எழுந்து போய்விட்டார்கள். இங்கே எழுந்து போகாமல் கலகம் செய்தால் என்ன ஆவது? வடக்கு உணவுக்கூடத்தில் விளக்குகள் அணைந்தன. இருளில் எங்கு நோக்கினும் தீக்குச்சிகள் மின்னி மறைந்தன. கைதிகள் சுருட்டுக்கும் சிகரெட்டுக்கும் நெருப்பேற்றிக் குச்சிகளைத் தோளுக்குப் பின்னால் வீசிக்கொண்டிருந்தார்கள்.

பிளா மேடையேறினார். நம் தெருக்கூத்தில் கட்டியங்காரன் முன்வந்து, நடக்கப் போகும் கூத்து இன்னதென்று அவைக்கு எடுத்துரைப்பதில்லையா? அதுபோன்ற பணியைத்தான் அவரும் மேற்கொண்டார். ஆனால் கதையை அவர் சொல்லவில்லை; பொருளையும் விளக்கவில்லை. ஜாஸ் இசையைக் கேட்பதுபோல இதைக் கேளுங்கள், அவரவர்க்கு அதில் எது அகப்படுகிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள் என்னும் கருத்தில் சில சொற்கள் பேசிவிட்டு இறங்கினார். மயாமி விளம்பரத்தையும் நியூயார்க் விளம்பரத்தையும் இதனோடு ஒப்பிட்டுப் பார்த்தால் வேற்றுமை விளங்கும். அவர் எந்த வாக்கும் கொடுக்கவில்லை.

திரை விலகியது. அதன்பின் நடந்ததைச் சிறைக்குள் கைதிகளே நடத்திவந்த 'சான் குவென்டின் நியூஸ்' என்னும் ஏடு பதிவு செய்துள்ளது. திரண்ட தோளுடைய மூன்று முரடர்கள், மூவர் எடையும் சேர்ந்து 642 பவுண்டாம், நடைவழி ஓரமாக அமர்ந்து, ஆட்டக்காரிகள் எப்போது வருவார்கள், வேடிக்கை எப்போது தொடங்கும் என்று பார்த்திருந்தார்கள். இரண்டும் வரவில்லை. உரக்க முணுமுணுத்துக்கொண்டு, விளக்கு மங்கியதும் நழுவிவிடுவதென்று முடிவு செய்தார்கள். ஆனால் இரண்டு நிமிடம் கூடுதலாக உற்றுக் கேட்டுவிட்டார்கள். அவ்வளவுதான், முடிவு வரை அவர்கள் எழவேயில்லை.

கலகம் எதுவும் நடக்கவில்லை. கூடம் முழுவதும் கட்டுண்டு கிடந்தது. நாடகம் முடிந்தபின் சான் பிரான்சிஸ்கோ நாளேடு ஒன்றின் நிருபர் கைதிகளிடம் கருத்துக் கேட்டார். நாடகம் புரியவில்லை என்று எவரும் முறையிடவில்லை. கோடோ என்பது சமுதாயம் என்றார் ஒருவர். வெளி உலகம் என்றார் இன்னொருவர். சிறையில் பாடம் நடத்திய ஆசிரியர் ஒருவர், காத்திருத்தல் இன்னதென்று இவர்களுக்குத் தெரியும், கோடோ வந்துவிட்டாலுங்கூட அவரால் ஏமாற்றமே மிஞ்சும் என்பதும் தெரியும் என்று கூறினார். நாடகத்தின் சொற்களும் பாத்திரங்களும் அச்சிறையின் அன்றாடப் பேச்சு வழக்கில் கலந்துவிட்டன.

மார்ட்டின் எஸ்லின் என்னும் நாடக அறிஞர் 1961இல் வெளியிட்ட 'அபத்த நாடகம்' பற்றிய நூலை இந்த இரவின் வருணனையோடுதான் தொடங்கினார். அதனால்தான் உலகமெங்கும் நாடகம் பயிலும் மாணவர் இந்நிகழ்ச்சியை அறிவர்.

சட்டமும் நாடகமும்

கைதிகள் காத்திருப்பவர்கள், ஆகவே காத்திருத்தல் பற்றிய நாடகம் அவர்களுக்குப் புரிந்தது என்று சொல்லிவிட்டுப் பலரும் அடுத்த செய்திக்குப் போய்விடுகின்றனர். அது பாதி விளக்கமே. ஐந்தாண்டு தண்டனை பெற்ற ஒருவன் ஐந்தாண்டுக் கடைசியில் கதவு திறக்கும் என்று அறிவான். அவன் செய்வது நாளெண்ணுதல். விளாடிமிரும் எஸ்ட்ராகனும் அவ்வாறு நாளெண்ணவில்லை. எண்ணுவதற்கு அவர்களிடம் நாள் ஏது? அவர்களது காத்திருப்புக்கு எல்லை குறிக்கப்படவில்லை.

இங்கேதான் கலிபோர்னியாவின் அந்நாளைய தண்டனைச் சட்டம் கவனிக்கத்தக்கது. 1917 முதல் அம்மாநிலத்தில் வரையறையற்ற தண்டனை முறை வழக்கில் இருந்தது. நீதிபதி இத்தனை ஆண்டு என்று தீர்ப்புச் சொல்லமாட்டார். சட்டம் குறித்த கீழெல்லைக்கும் மேலெல்லைக்கும் இடையே கைதியைச் சிறைக்கு அனுப்பிவிடுவார். முதல்தரக் கொள்ளைக் குற்றம் என்றால், 'ஐந்தாண்டு முதல் ஆயுள் வரை'. ஒருவன் எப்போது திருந்தினான் என்பதைப் பார்த்து விடுதலை நாளைக் குறிப்பது ஒரு குழுவின் பொறுப்பு. 1944 முதல் அதற்கு வயதுவந்தோர் அதிகாரக் குழு என்று பெயர். கைதி வழக்கமாக ஆண்டுக்கு ஒருமுறை அதன்முன் சில நிமிடம் நிற்பான். இந்த ஆண்டு இல்லை, அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று விடை வரும். காரணம் சொல்லப்படாமலும் போகலாம். சென்ற ஆண்டு கேள்வி கேட்டவர் இந்த ஆண்டு அங்கே இல்லாமலும் போகலாம்.

இதை மனத்திற்கொண்டு அந்தச் சிறுவனின் வருகையை மீண்டும் எண்ணிப் பார்க்கலாம். இன்று இல்லை, நாளைக்குத் தவறாமல் என்கிறான். நேற்று வந்தவன் தான் அல்லன் என்கிறான். கோடோ என்ன செய்கிறார் என்று கேட்டால், ஒன்றும் செய்யவில்லை என்கிறான். பாரிசில் உட்கார்ந்திருந்த வழக்கறிஞருக்கு இது குறியீடு. 1957இல் சான் குவென்டினில் உட்கார்ந்திருந்த பலருக்கு இது சென்ற மாதத்து நிகழ்ச்சி. அவர்கள் நாடகத்துக்குப் பொருள் தேட வேண்டிய தேவையே எழவில்லை.

கயிறும் அப்படியே. போட்சோவும் லக்கியும் ஒரே கயிற்றின் இரு முனைகள். இரண்டாவது அங்கத்தில் எசமானன் குருடானதும், அடிமையைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கவேண்டியிருக்கிறது. காவல் செய்பவனும் காவலுக்குட்பட்டவனும் ஒரே மதிலுக்குள் ஆயுளைக் கழிப்பதைத் தினமும் பார்ப்பவர்களுக்கு இந்தக் காட்சி எப்படித் தோன்றியிருக்கும் என்பதை உய்த்துணரலாம்.

எனினும், கைதிகள் அனைவரும் கலைநுட்பம் உணர்ந்தோர் என்றும் நகரத்தார் அனைவரும் மூடர் என்றும் இதிலிருந்து முடிவு கட்டுவது தவறு. அத்தகைய புகழ்ச்சி கைதிகளுக்கும் உதவாது. அன்று அவர்களிடம் இருந்த நன்மை ஒன்று உண்டு: நாடகம் என்றால் இப்படித்தான் இருக்கவேண்டும் என்னும் முன்முடிவு அவர்களிற் பலருக்கு இல்லை. தொடக்கம், சிக்கல், உச்சம், முடிவு என்று இலக்கணம் படித்துவிட்டு வந்தவர் அவ்விலக்கணம் மேடையில் இல்லாதபோது திகைக்கிறார். படிக்காதவர் மேடையில் இருப்பதைப் பார்க்கிறார். நல்ல நடிப்பும் காரணம் என்பதை மறக்கலாகாது. தொப்பி மாற்றும் விளையாட்டும் காற்சட்டை விழும் வேடிக்கையும் பேசாப் படக் கோமாளிகளிடமிருந்து வந்தவை. அவற்றைச் சரியாக நடித்தால் எந்த அவையும் சிரிக்கும். தத்துவ முகத்தோடு நடித்தால் எந்த அவையும் உறங்கும். அந்தச் சிறு குழுவின் திறமையை அடுத்த ஆண்டே அமெரிக்க அரசு ஏற்றுக்கொண்டது. 1958இல் பிரசல்ஸ் உலகக் கண்காட்சிக்குச் சென்று நடித்தவர்கள் இவர்களே.

அறையிலிருந்தே கேட்டவர்

அன்றிரவு நாடகத்தைப் பார்க்க முடியாமல், கேட்க மட்டும் முடிந்த ஒருவரைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். ரிக் க்ளூச்சி, 1933இல் பிறந்தவர். ஆட்கடத்தலும் கொள்ளையும் புரிந்த குற்றத்துக்காக, விடுதலைக்கே வழியில்லாத ஆயுள் தண்டனை பெற்றவர். அதிகாரக் குழுவின்முன் நிற்கும் வாய்ப்புக்கூட அவருக்கு இல்லை. அவரிடம் எந்தச் சிறுவனும் செய்தி கொண்டுவரப் போவதில்லை. இரவில் அறையைவிட்டு வெளிவர அனுமதி இல்லாததால், சிறையின் ஒலிபெருக்கி வழியாகத்தான் உணவுக்கூடத்து நாடகம் அவர் செவிக்கு எட்டியது. மரத்தை அவர் பார்க்கவில்லை, தொப்பிகளைப் பார்க்கவில்லை, குரல்களை மட்டும் கேட்டார்.

அடுத்த ஆண்டு கைதிகள் தாங்களே ஒரு நாடகக் குழு அமைக்க இசைவு பெற்றனர். நடிகர் பட்டறையைச் சேர்ந்த ஆலன் மாண்டெல் சிறைக்கு வந்து பல ஆண்டுகள் பயிற்சி அளித்தார். முன்னாளில் தூக்குமரம் நின்ற அறையே அவர்களுக்குச் சிறு அரங்காயிற்று. அங்கே 1961இல் கோடோவை மேடையேற்றினார்கள். விளாடிமிராக நடித்தவர் க்ளூச்சி. அதையடுத்து பெக்கெட்டின் 'ஆட்ட முடிவு', 'கிராப்பின் கடைசி ஒலிநாடா' ஆகியவையும் அரங்கேறின. பின்னர் க்ளூச்சி 'கூண்டு' என்னும் பெயரில் சிறைவாழ்வைப் பற்றித் தாமே ஒரு நாடகம் எழுதினார். 1965இல் அது சிறைக்குள்ளேயே நடிக்கப்பட்டது. மறு ஆண்டு கலிபோர்னியா ஆளுநர் பாட் பிரவுன் அவருடைய தண்டனையைக் குறைக்க, க்ளூச்சி வெளியே வந்தார்.

வெளியே வந்தவர் நாடகத்தைக் கைவிடவில்லை. சான் குவென்டின் நாடகப் பட்டறை என்னும் பெயரையே வைத்துக்கொண்டு, அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நாடகம் நடத்தினார். 1975இல் பெர்லின் நகரத்து ஷில்லர் அரங்கில் பெக்கெட்டே கோடோவை இயக்கியபோது, அவருக்கு உதவியாளராக அருகில் இருந்தவர் க்ளூச்சி. இரண்டு ஆண்டுகள் கழித்து, 'கிராப்பின் கடைசி ஒலிநாடா'வில் அவரை நடிக்க வைத்துப் பெக்கெட்டே இயக்கினார். பெக்கெட் பிறருடன் நெருங்கிப் பழகாதவர் என்று பெயர் பெற்றவர். பத்திரிகையாளரைக் கண்டால் ஒதுங்குபவர். 1969இல் நோபெல் பரிசு அறிவித்தபோது அதைப் பெறப் போகாதவர். சிறைக்கைதிகளிடம் மட்டும் அவருக்கு ஒரு தனி ஈடுபாடு இருந்தது. பாரிசில் அவர் கடைசிக் காலத்தில் குடியிருந்த வீட்டின் சன்னலிலிருந்து பார்த்தால் லா சாந்தே சிறைச்சாலை தெரியும். க்ளூச்சி 2015 டிசம்பரில் தமது 82ஆம் வயதில் காலமானார்.

பிற சிறைகளில்

சான் குவென்டினே முதற் சிறை என்று பலர் எழுதுவது பிழை. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 1953 நவம்பரில், ஜெர்மனியிலுள்ள லூட்ரிங்ஹவுசன் சிறையில் கைதி ஒருவர் பிரெஞ்சு நூலைத் தாமே ஜெர்மன் மொழியில் பெயர்த்து, உடன் இருந்தோரை நடிக்கவும் வைத்தார். மறு ஆண்டு அவர் பெக்கெட்டுக்கு எழுதிய மடல் ஆசிரியரின் உள்ளத்தைப் பெரிதும் தொட்டது. உலகம் அறியாத கைதி ஒருவர், பெரிய அரங்குகளின் விவாதம் ஓய்வதற்குள், வேலையை முடித்துவிட்டார்!

சுவீடன் நாட்டில் நடந்ததைச் சொல்லாமல் விடலாகாது. ஜான் யோன்சன் என்னும் நடிகர் கும்லா என்னும் கடுங்காவல் சிறையின் கைதிகளைக் கொண்டு 1985இல் இந்நாடகத்தைத் தயாரித்தார். நாடகம் நன்கு அமைந்ததால் வெளியரங்குகளுக்கும் அழைப்பு வந்தது. 1986இல் கோதன்பர்க் நகரில், அவையோர் வந்து நிறைந்திருக்க, நடிகர்களுள் பெரும்பாலோர் அரங்கின் பின்புறமாகத் தப்பியோடிவிட்டார்கள். கோடோவுக்காகக் காத்திருக்க வேண்டியவர்கள் போய்விட, காத்திருக்கும் வேலை அவையோர்மேல் விழுந்தது. யோன்சன் இதைப் பெக்கெட்டிடம் சொன்னபோது, அவர் விழுந்து விழுந்து சிரித்தாராம்.

அதே யோன்சன் 1988இல் சான் குவென்டினுக்கு வந்தார். பிளாவின் குழு நடித்து 31 ஆண்டுகள் கழிந்த பின், அச்சிறையின் கைதிகளைக் கொண்டே மீண்டும் கோடோவை நடத்தினார். இதற்குள் சட்டம் மாறியிருந்தது. வரையறையற்ற தண்டனை முறையை 1976இல் கலிபோர்னியா கைவிட, 1977 ஜூலை முதல் பெரும்பாலான குற்றங்களுக்கு ஆண்டுக் கணக்குத் தீர்ப்பிலேயே குறிக்கப்பட்டது. விடுதலைக்கு வழியுள்ள ஆயுள் தண்டனை பெற்றோருக்கு மட்டும் பழைய முறையின் எச்சம் நீங்கவில்லை. நாள் குறிப்பதற்கு அவர்கள் இன்றும் ஒரு குழுவின் முன்னேதான் போய் நிற்கவேண்டும்.